ஒன்பது மில்லிமீட்டர்

"எதுக்கு வாங்குறீங்க?"

துப்பாக்கிக் கடையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. உண்மையான பதில் சொல்ல ஒரு மணி நேரமாவது ஆகும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர் பதிலையும் அவரே மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடவா, வீட்டுப் பாதுகாப்புக்கா, ரேஞ்சில் சுட்டுப் பழகவா? செருப்புக் கடையில் "ஆபீஸுக்கா, நடக்கிறதுக்கா?" என்று கேட்பதுபோல அத்தனை இயல்பாகக் கேட்டார். எங்கள் ஊர் பாத்திரக்கடைக்காரரைப்போல பொறுமையான, நல்ல மனுஷன்.

அது 2023 ஜூன் மாதம். நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர். பக்கத்திலேயே ஆலன் என்று ஓர் ஊர். மே 6, சனிக்கிழமை மதியம், அங்கிருக்கும் அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பொறியாளரும் இருந்தார். வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்த ஒரு போலீஸ்காரர் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அந்த மாலில்தான் என் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்குவோம். அடுத்த சில வாரங்கள் எங்கள் வாட்ஸாப் குழுக்களில் சமையல் குறிப்பும் விசா கவலையும் குறைந்து, துப்பாக்கிப் பேச்சு நிறைந்தது. எச்1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. எனக்குக் கிரீன் கார்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதாவது, எனக்கு இனி சட்டம் சாக்கு கிடையாது. வேண்டுமா வேண்டாமா என்பதை நானே முடிவுசெய்ய வேண்டும்.

ஊரில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இந்தியாவில் 9 மி.மீ. என்பது தடைசெய்யப்பட்ட வகை. சாதாரணக் குடிமகனுக்கு அதற்கு லைசென்ஸ் கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம். இங்கே டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள 21 வயதுக்காரர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். ஒரு விமானப் பயணத்தில் ஒரு பொருளின் ஒழுக்கம் மாறிவிடுமா? மாறாது என்றுதான் நினைத்தேன். அப்படியானால் நான் ஏன் அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்?

*

என்னை அங்கே கூட்டிப்போனது நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒரு நண்பர். மதுரைக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பற்றி எனக்கு இருந்த சித்திரம் எதிலும் அவர் பொருந்தமாட்டார். இடுப்பில் துப்பாக்கி இருக்கும் நாளில் ஒரு பீர்கூடக் குடிக்கமாட்டார். "இது இருக்கும்போது சண்டைக்குப் போகக்கூடாது தம்பி. ரோட்டுல ஒருத்தன் திட்டினா, கையத் தூக்கி ஸாரி சொல்லிட்டுப் போயிருவேன். முன்னெல்லாம் நான் இப்படி இல்ல" என்பார். சாந்தமாக இருப்பதற்காக ஆயுதம் சுமக்கும் ஒரு மனிதர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவர் விஷயத்தில் அது உண்மை.

அவர் சொல்லித்தந்த கணக்கு இது. பெரிய துப்பாக்கி கனமாக இருக்கும். அதனால் சுடும்போது கையில் உதைப்பது குறையும், குழல் நீளமென்பதால் குறியும் நிற்கும். ரேஞ்சுக்கும் வீட்டுக்கும் அது சரி. சட்டைக்குள் மறைக்க வேண்டுமென்றால் சின்னது வேண்டும். 2018இல் வந்த ஸிக் பி365 உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதிகம் உதைக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது க்ளாக் 19. பதினைந்து தோட்டா பிடிக்கும். எதிலும் முதலிடம் இல்லை, எதற்கும் மோசமில்லை. முதல் துப்பாக்கி எது வாங்கலாம் என்று பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள்.

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரொம்ப லேசாக இருந்தது. என் தாத்தாவின் அருவாள் இதைவிடக் கனம். ஆனால் அந்த அருவாளுக்கு வேறு வேலைகள் இருந்தன. தேங்காய் வெட்டும், முள் வெட்டும், ஆடு உரிக்கும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்தால் அது ஒரு கருவிக்கு வைத்த பொட்டு. இந்தப் பொருளுக்கு இரண்டாவது வேலை கிடையாது. ரேஞ்சில் காகிதத்தைச் சுடுவது விளையாட்டுதானே என்று கேட்கலாம். விளையாட்டுதான், நல்ல விளையாட்டும்கூட. ஆனால் ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுடுகிறவர்கள் 9 மி.மீ. பயன்படுத்துவதில்லை; அங்கே ஏர் பிஸ்டலும் .22ம்தான். காகிதத்தில் ஓட்டை போட அதுவே போதும். 9 மி.மீ. தேவைப்படுவது காகிதத்துக்கு அப்பால் இருப்பதற்கு.

*

இந்தத் தோட்டாவின் கதையைப் படித்தபோது ஒன்று புரிந்தது. இதில் வெறும் தொழில்நுட்பக் கேள்வி என்று எதுவுமே இல்லை. 1902 வாக்கில் ஜெர்மனியில் கேயோர்க் லூகர் உருவாக்கியது இது. இதன் பெயரில் இருக்கும் 'பாரபெல்லம்' என்ற சொல், சமாதானம் வேண்டுமானால் போருக்குத் தயாராகு என்ற பழைய லத்தீன் வாக்கியத்திலிருந்து வந்தது. அண்ணன் சொல்லும் வாதம் தோட்டாவின் பெயரிலேயே இருக்கிறது.

1986இல் மயாமியில் எஃப்பிஐக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில், ஒரு 9 மி.மீ. தோட்டா கொள்ளையன் ஒருவனின் உடலுக்குள் போய் இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் சாவதற்குள் இரண்டு ஏஜென்டுகள் இறந்துவிட்டார்கள். அதிலிருந்து எஃப்பிஐ பெரிய தோட்டாக்களுக்குப் போனது. பிறகு தோட்டா செய்யும் முறை மேம்பட்டதும் மறுபடி 9 மி.மீ.க்கே வந்தது. இப்போது தோட்டாவைச் சோதிப்பதற்கு, சதைக்குப் பதிலாக ஒரு ஜெலட்டின் கட்டி. அதில் 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மேற்படாமலும் போக வேண்டும். எந்த உயிரும் இல்லாத அந்தக் கட்டியைப் பற்றிப் படிக்கும்போதே நாம் ஒரு மனிதனின் நெஞ்சைத்தான் யோசிக்கிறோம்.

அடுத்தது ஹாலோ பாயின்ட். முனையில் குழிவுள்ள தோட்டா. உடலுக்குள் போனதும் பூப்போல விரியும். "வீட்டுக்கு இதுதான் வாங்கணும். சாதாரணத் தோட்டா ஆளைத் துளைச்சிட்டுச் சுவரைத் தாண்டிப் போயிரும்" என்றார் அண்ணன். இங்கே வீட்டுச் சுவர்கள் ஜிப்சம் அட்டை. சுடப்படுகிறவனுக்குப் பின்னறையில் தூங்கும் குழந்தையே ஆபத்தில் இருக்கிறது. ஆகவே, சுடப்படுகிறவனின் உடலை அதிகம் கிழிக்கும் தோட்டாதான் மற்றவர்களுக்குக் கருணையானது. இப்படி விரியும் தோட்டாவுக்குப் பழைய பெயர் டம்டம். கொல்கத்தா பக்கத்தில் இருக்கும் டம்டம் ஆயுதச்சாலையில் ஆங்கிலேயர்கள் செய்ததால் அந்தப் பெயர். 1899இல் ஹேக் மாநாட்டில், நாடுகளுக்கிடையேயான போர்களில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று அறிவித்தார்கள். போரில் எதிரி வீரன்மேல் கூடாது என்று விலக்கியதை, நான் என் படுக்கையறையில் பொறுப்புள்ள அப்பாவாக வாங்கி வைக்க வேண்டும். இதில் தவறான தர்க்கம் எதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

*

வீட்டில் சொன்னேன். என் மனைவி கோபப்படவில்லை. யார் வருவான் என்று கேட்டாள்.

திருடன் என்றேன். இந்தியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று குறிவைத்து வருபவர்களைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் அவள் அம்மா போட்ட நகை இருந்தது.

"நாப்பது பவுனுக்காக ஒருத்தனக் கொல்லுவீங்களா?"

டெக்ஸாஸ் சட்டம், சில நிபந்தனைகளோடு, முடியும் என்கிறது. உயிருக்கு ஆபத்து இல்லாவிட்டால்கூட, இரவில் நடக்கும் திருட்டைத் தடுக்க உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தலாம். சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. சட்டம் ஒரு தரை. அதற்குக் கீழே போகக்கூடாது என்பதற்காகப் போட்டது. அந்தத் தரையிலேயே படுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, திருடன் வேண்டாம், கொலைகாரன் என்றே வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. சத்தம் கேட்கிறது. துப்பாக்கியின் அடியில் விளக்குப் பொருத்திக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் அந்த விளக்கில் ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் துப்பாக்கியை அவர் பக்கம் நீட்டியாக வேண்டும். ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் வகுத்து, இங்கே எல்லா ரேஞ்சிலும் சொல்லித்தரும் நான்கு விதிகளில் ஒன்று, அழிக்க மனமில்லாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே என்பது. என் மகள் அடிக்கடி ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். "அது பாப்பாவா இருந்தா?" என்று மனைவி கேட்டபோது, அதற்காகத்தான் கையில் பிடிக்கும் விளக்கைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று பதில் சொன்னேன். சரியான பதில்தான். சொல்லி முடித்ததும் எனக்கே வாய் கசந்தது.

பிறகு அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "2017ஐ மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த வருஷம் வேலை போயிற்று. விசா முடிய அறுபது நாள். அப்பா இறந்ததற்கு ஊருக்குப் போக முடியவில்லை. பல மாதங்கள் நான் உயிரோடு இருப்பதை ஒரு செலவாக மட்டுமே பார்த்தேன். மருத்துவரும் மருந்தும் அவளும் சேர்ந்துதான் என்னை வெளியே கொண்டுவந்தார்கள். துப்பாக்கி வாங்க 4473 என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதுண்டா என்று அதில் கேட்கிறார்கள். இல்லை என்று நான் உண்மையாகவே எழுதலாம். நான் தானாகப் போனவன். என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வு, கலிஃபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பன்னிரண்டு வருஷம் பின்தொடர்ந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராதவர்களைவிட சுமார் எட்டு மடங்கு அதிகம். பெண்களில் 35 மடங்கு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. ஆனால் துப்பாக்கியால் முயன்றவர்களில் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. இருட்டில் வரப்போகும் முகம் தெரியாதவனுக்காக நான் வாங்கவிருந்த பொருளை, என் வீட்டில் அதிக வாய்ப்போடு சந்திக்கப்போகிறவன் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவன்.

*

இதோடு கட்டுரையை முடித்தால் எனக்குச் சௌகரியம். ஆனால் அது நேர்மையாக இருக்காது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண். முன்னாள் கணவனிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்ற உத்தரவு வாங்கியவர். அவன் இரண்டு முறை அதை மீறி வாசல்வரை வந்தான். அவர் ஒரு 9 மி.மீ. வாங்கினார். உதைப்பு தாங்கும் அளவுக்கு ஒவ்வொரு வாரமும் பழகினார். "அவன் ஆறடி. நான் அஞ்சடி. போலீஸ் வரப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு உங்ககிட்ட வேற பதில் இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை. புள்ளிவிவரம் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும். அவர் ஒரு ஆள். அவருக்கு நேரக்கூடியது எது, எனக்கு நேரக்கூடியது எது என்பது வேறு வேறு. துப்பாக்கி சரியா தப்பா என்று பொதுவாகக் கேட்பதை அன்றோடு நிறுத்தினேன். யார் வீட்டில், யார் கையில், எந்த வருஷத்தில் என்று கேட்கும்போதுதான் அது ஒழுக்கக் கேள்வி ஆகிறது.

நான் வாங்கவில்லை. நகையை வங்கி லாக்கரில் வைத்தோம். வாசல் நிலையில் பூட்டு விழும் தகட்டுக்கு மூன்று அங்குலத் திருகாணி போட்டேன். ஐந்து டாலர்கூட ஆகவில்லை. மாதம் ஒருமுறை அண்ணனோடு ரேஞ்சுக்குப் போகிறேன். அங்கேயே வாடகைக்கு எடுத்து, சுட்டுவிட்டு, அங்கேயே கொடுத்துவிட்டு வருகிறேன். சுடுவது பிடித்திருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மூச்சை நிறுத்தி விசையை அழுத்தும் அந்த நொடியில் மனதில் ஒன்றுமே இருப்பதில்லை. அது பிடித்திருப்பதாலேயே வீட்டுக்குக் கொண்டுவரப் பயமாக இருக்கிறது.

போன மாதம் திரும்பி வரும்போது காரில் அண்ணன் சொன்னார்: "உன் முடிவு சரிதான் தம்பி. உன் நிலைமைல நானும் அதான் பண்ணிருப்பேன். ஆனா ஒண்ணு. நாளைக்கு எவனாவது உன் கதவ ஒடச்சா நீ 911 கூப்பிடுவ. வர்றவன் இடுப்புலயும் இதான் இருக்கும். நீ சுடல, அவ்வளவுதான். சுட வேண்டாம்னு நீ சொல்லப்போறதில்ல."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆலன் மாலில் அந்தச் சனிக்கிழமை ஓடி வந்த போலீஸ்காரரை நினைத்துக்கொண்டேன். அவர் அங்கே இருந்ததற்கு நன்றி சொல்லாத ஒரு பெற்றோரும் எங்கள் ஊரில் இல்லை, நான் உட்பட. என் கையால் கொல்லமாட்டேன் என்று நான் எடுத்திருக்கும் முடிவு, எனக்காகக் கொல்லத் தயாராக ஒருவர் சம்பளத்துக்கு நிற்கிறார் என்பதன்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்க வழி தெரியவில்லை. கடன் இருக்கிறது என்பதையாவது மறக்காமல் இருக்கலாம்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். சட்டையில் வெடிமருந்து வாசம் இருக்கும் என்று மகளைத் தூக்குவதற்கு முன்னால் குளிக்கப் போனேன். குளியலறைக் கதவுக்கு வெளியே அவள் கேட்டாள்: "அப்பா, இன்னைக்கு எத்தனை மார்க்?"

"நூத்துக்கு எண்பத்தியாறு" என்றேன்.