இதய நோயும் மின்சார ரோடு சைக்கிளும்

மெல்லிய டயர், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், வரிசையாகக் கியர்கள் என்று மின்சார ரோடு சைக்கிள் பார்வைக்குப் பந்தய சைக்கிளைப் போலவே இருக்கும். பெடல் அச்சிலோ பின்சக்கரத்தின் நடுவிலோ சிறிய மோட்டார் ஒன்றும், சட்டத்தின் சாய்வுக் குழாய்க்குள் பேட்டரியும் மறைந்திருக்கும். மிதித்தால்தான் மோட்டார் இயங்கும். கால் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் உதவி அறுந்துவிட வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இந்த எல்லை வண்டியின் வகுப்பைப் பொறுத்து 32 அல்லது 45 கிலோமீட்டர்.

சாதாரண மின்சார சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். ரோடு சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் அந்தக் கனத்தை விரும்பவில்லை. கடந்த பத்து ஆண்டுகளில் மோட்டார்கள் சிறுத்த பிறகுதான் இந்த வகை நிலைபெற்றது. மாலே நிறுவனத்தின் பின்சக்கர மோட்டார் அமைப்பொன்று பேட்டரியோடு சேர்ந்தே ஏறக்குறைய மூன்றரைக் கிலோதான். ஜெர்மனியின் ஃபாஸுவா நிறுவனம் மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் சைக்கிளாகவும் ஓட்டக்கூடிய அமைப்பைக் கொண்டுவந்தது. 2019-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் க்ரியோ என்ற மின்சார ரோடு சைக்கிள் வந்தது. இவற்றைத் தேடி வருபவர்களில் இதய நோய்க்காரர்களும் உண்டு. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், பைபாஸ் முடிந்தவர்கள், துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள் என்று பல வகையினர். முப்பது வருடம் மலைச்சாலைகளில் மிதித்த கால்கள் இன்னும் வலுவாக இருக்கும்; நெஞ்சுதான் போதும் என்று சொல்லியிருக்கும்.

இந்த நிலையில் பலர் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சைக்கிளைச் சுவரில் மாட்டிவிடுவது ஒன்று. எதுவுமே நடக்காதது போல் பழைய வேகத்திலேயே போவது மற்றொன்று. இரண்டாவது வழியின் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. முதலாவதை விவேகம் என்று வெளியில் இருப்பவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் உடலுழைப்பை அறவே விட்டவரின் இதயம் அதனால் நலம் பெறுவதில்லை. மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வுச் சிகிச்சையின் நடுநாயகமே அளவறிந்த உடற்பயிற்சிதான். மனத்துக்கு நேரும் இழப்பு தனி.

நெஞ்சு இப்படி இடறியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள போல்டர் நகரைச் சேர்ந்த லெனார்ட் ஜின். அவர் சைக்கிள் சட்டம் செய்பவர்; ரோடு சைக்கிள் பராமரிப்பு பற்றிய அவருடைய நூல் பட்டறை தோறும் புரட்டப்படுவது. ஐம்பதைக் கடந்த வயதில், 2013-இல், ஊருக்கு அருகிலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் மலையில் ஏறும்போது அவருடைய இதயம் திடீரென்று தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. பிறகு கிறிஸ் கேஸ், இதய மின்னியல் மருத்துவர் ஜான் மண்ட்ரோலா ஆகியோரோடு சேர்ந்து 2017-இல் அவர் வெளியிட்ட ‘தி ஹேவயர் ஹார்ட்’ என்ற நூல், நீண்டகாலக் கடும் பயிற்சிக்கும் துடிப்புக் கோளாறுக்கும் உள்ள உறவைப் பொதுவாசகர் முன் வைத்தது. அதற்கு முன்பே, ஸ்வீடனின் 90 கிலோமீட்டர் வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்ட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2013-இல் வெளிவந்திருந்தது. ஒரே முறை போட்டியை முடித்தவர்களைவிடப் பலமுறை முடித்தவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு கூடுதலாக இருந்ததை அது காட்டியது. கொழுப்பும் புகையும் மட்டுமே இதயத்தைக் கெடுக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி. மிதமான உழைப்பு நல்லது என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை. எதுவரை மிதம் என்பதுதான் கேள்வியாக நின்றது.

சமதரையில் ஒருவர் தன் உழைப்பைத் தானே தீர்மானிக்கலாம். மேட்டில் அந்த உரிமை சாலையிடம் போய்விடுகிறது. பிரான்சின் ஆல்ப் தெ யுவேஸ் ஏற்றம் 21 கொண்டையூசி வளைவுகளோடு 13.8 கிலோமீட்டர் நீளம், சராசரியாக 8 விழுக்காட்டுச் சரிவு, ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். அந்த எடையை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க, டயர் உராய்வையும் சேர்த்துப் பத்து லட்சம் ஜூலுக்குச் சற்று அதிகமான ஆற்றல் வேண்டும். மருத்துவர் 100 வாட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அந்த உழைப்பில் உச்சியை அடைய மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறையும்; வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் கீழே. அந்த வேகத்தில் சைக்கிள் தள்ளாடும். சாயாமல் நிற்கவே ஓட்டுபவர் அழுத்தி மிதிப்பார். அழுத்தினால் 100 வாட் 180 ஆகும். சரிவு 11, 12 விழுக்காடாகக் கூடும் இடங்களில் அவருக்கு இரண்டே வழிதான்: எல்லையை மீறுவது, அல்லது இறங்கித் தள்ளுவது.

இங்கே மோட்டார் இன்னொரு 100 வாட் தருகிறது. வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வந்து வண்டி நிமிர்ந்து ஓடும். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்பே உச்சி வந்துவிடும். மோட்டார் செய்த வேலை சுமார் 140 வாட்-மணி. வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 180 அளவுக்குப் போகும். 250 வாட்-மணி கொண்ட சிறிய பேட்டரியே இதைத் தாங்கும். ஓட்டுபவர் சும்மா உட்கார்ந்து போகவில்லை. ஏறிய நேரம் முழுவதும் 100 வாட் உழைத்திருக்கிறார். மின்சார சைக்கிள் ஓட்டுபவர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில், அவர்களுடைய உழைப்பு பொதுவாக மிதமான உடற்பயிற்சி என்ற தரத்தை எட்டவே செய்கிறது. இதய மறுவாழ்வுக்கு வேண்டியது அந்தத் தரம்தான். மோட்டாரின் மெய்யான பயன் உழைப்பைப் போக்குவதில் இல்லை. எவ்வளவு உழைப்பது என்று முடிவு செய்யும் உரிமையைச் சாலையிடமிருந்து மீட்டு ஓட்டுபவரிடம் தருவதில் இருக்கிறது.

உரிமை கைக்கு வந்ததும் அதை இழக்கும் வழிகளும் கூடவே வருகின்றன. நல்ல மின்சார ரோடு சைக்கிள்களில் முறுக்குவிசை உணரி இருக்கும். கால் கொடுக்கும் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப மோட்டார் கைகொடுக்கும். மெல்ல மிதித்தால் சிறிது உதவி, ஓங்கி மிதித்தால் பெரிய உதவி. அதாவது, அதிகம் உழைப்பவருக்கு அதிகம் கிடைக்கும். கூடுதல் வேகத்தின் சுவை கண்டவர் தன்னை அறியாமல் இன்னும் ஓங்குவார். இதயத்தைக் காக்க வாங்கிய வண்டி இப்படித்தான் இதயத்தை விரட்டும் வண்டியாகிறது. துடிப்பு மானியோடு இணைந்து, துடிப்பு ஏற ஏற உதவியைக் கூட்டும் வசதி சில அமைப்புகளில் உண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் முழுமையானதல்ல. உழைப்பு கூடியதும் துடிப்பு உடனே கூடுவதில்லை. செங்குத்தான சிறு மேட்டில் திரையிலுள்ள எண் எச்சரிக்கும்போது மேடே முடிந்திருக்கும்.

இன்னொரு பொறி 25 கிலோமீட்டர் எல்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் போக 60 வாட் அளவு போதும். 30 என்றால் 150 வாட்டுக்கு மேல் வேண்டும், ஏனெனில் காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். பழைய நண்பர் குழு சமதரையில் 30-இல் போனால், ஐரோப்பிய விதிக்கு உட்பட்ட மோட்டார் அங்கே பேசாமல் இருக்கும். இதய நோயாளியோ கூடுதல் கனத்தைச் சுமந்துகொண்டு, முழு உழைப்பையும் தானே கொடுத்துக்கொண்டு பின்னால் வருவார். மேட்டில் குழுவோடு சேர்த்துவைக்கும் வண்டி, சமதரையில் கைவிட்டுவிடும். மலையேற்றத்துக்காக இதை வாங்கலாம். குழுவின் வேகத்துக்காக மட்டும் வாங்குபவர் ஏமாறுவார்.

எல்லையை அறியும் வழி மருத்துவமனையில் தொடங்குகிறது. எக்கோவும் ட்ரெட்மில் அல்லது சைக்கிள் உழைப்புச் சோதனையும் எடுத்து, எந்த உழைப்பில் எந்தத் துடிப்பில் வலியோ ஈசிஜி மாற்றமோ வருகிறது என்று பார்க்கிறார்கள். நெஞ்சுவலி தொடங்கும் துடிப்புக்குப் பத்துத் துடிப்பாவது கீழே நிற்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. உட்பதித்த டிஃபிபிரிலேட்டர் உள்ளவரும் அக்கருவி விழித்துக்கொள்ளும் துடிப்புக்குக் குறைந்தது பத்து கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் உழைப்பையே நோயென்று எண்ணி அது அதிர்ச்சி கொடுத்துவிடக்கூடும். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பொருந்தாது. மாத்திரை துடிப்பை அடக்கிவைப்பதால், 120-ஐத் தாண்டாமலேயே அவருக்கு மூச்சு முட்டலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் எண்ணும் நம்பத்தக்கதல்ல. ஆகவே கருவிகளைவிட எளிய அளவுகோல் ஒன்றை மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்: முழு வாக்கியமாகப் பேச முடிகிற வரை மிதமான உழைப்பு, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் எல்லை தாண்டியாயிற்று.

எல்லா இதய நோய்க்கும் ஒரே விடை கிடையாது. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2020-இல் வெளியிட்ட விளையாட்டு வழிகாட்டி ஒவ்வொரு நோயையும் தனியே பிரித்துப் பார்த்து, முடிவை மருத்துவரும் நோயாளியும் கலந்து எடுக்கச் சொல்கிறது. இதயத் தசை அழற்சி வந்தவர்கள் சில மாதங்கள் கடும் பயிற்சியைத் தொடவே கூடாது. அயோர்ட்டிக் வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கு மோட்டார் தீர்வாகாது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வால்வை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சைக்கிளிலிருந்து விழுவதும் பெரிய அபாயம். தலையில் படும் சிறு அடியும் உள்ளே கசிவாகலாம். தலைக்கவசம் இல்லாமல் அவர் தெருமுனை வரைகூடப் போகக்கூடாது.

ஏறத் தொடங்கும் முன் பத்து நிமிடம் மெல்ல மிதித்து உடலைச் சூடாக்குவதும், உச்சியில் சட்டென்று நிற்காமல் சிறிது தூரம் லேசாக மிதித்து ஆறுவதும் இதய நோயாளிக்குச் சடங்கல்ல. உழைத்த காலில் இரத்தம் தேங்கி நிற்கும்போது இரத்த அழுத்த மாத்திரையும் வேலை செய்தால் தலை சுற்றும். பேட்டரியையும் அப்படியே கணக்குப் பார்க்க வேண்டும். மலையின் நடுவில் மின்சாரம் தீர்ந்தால் மிஞ்சுவது கனத்த சைக்கிளும் நோயுற்ற இதயமும்தான்.

மோட்டார் வைத்து ஏறுவது ஏமாற்று என்ற பேச்சு சைக்கிள் ஓட்டுபவர்களிடையே இருக்கிறது. போட்டியில் அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு மலைமேல் காபி குடிக்கப் போகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? முதியவர் கைத்தடி ஊன்றி நடப்பதை யாரும் பழிப்பதில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்கு அஞ்சி, தேவைப்படும்போதும் உதவிப் பொத்தானை அழுத்தாமல் பல்லைக் கடிக்கிறவர்கள் உண்டு. நோயைவிட இந்த வெட்கமே அவர்களை அதிகம் வருத்துகிறது. உதவியை ஏற்பது எளிதல்ல. ஆண்டுக்கணக்கில் தன் காலை மட்டுமே நம்பி வாழ்ந்தவருக்கு அது இழப்புத்தான். அந்த இழப்பை மறைக்காமல் ஒப்புக்கொண்டவர்களே பொத்தானைத் தயங்காமல் அழுத்துகிறார்கள், மறு வாரமும் மலைக்கு வருகிறார்கள்.

இந்தியாவில் 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின்சார சைக்கிளுக்கு மோட்டார் வாகனப் பதிவு வேண்டாம். இங்கே விற்பவற்றில் பல, கைப்பிடியை முறுக்கினாலே ஓடுபவை. முறுக்கியே போய்க்கொண்டிருந்தால் இதயத்துக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. மறுவாழ்வுக்காக வாங்குபவர் மிதிப்பின் அழுத்தத்தை உணரும் வகையையே கேட்டு வாங்க வேண்டும். வெயிலும் நம் ஊரில் ஒரு சுமை. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் சித்திரை மாதப் பகலில் வியர்த்து ஓட்டினால் உப்பும் நீரும் சேர்ந்து இறங்கி, துடிப்பே தடுமாறலாம். விடியற்காலையே அவருக்கு உகந்த நேரம்.

கூட வருபவர்களிடம் நோயை மறைக்காதீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியைக் குழுவில் இருவராவது கற்றிருக்கட்டும். புதிதாக வரும் நெஞ்சு இறுக்கம், கண் இருட்டல், காரணமில்லாத படபடப்பு ஆகிய மூன்றில் எது வந்தாலும் மோட்டாரின் உதவியைக் கூட்டிக்கொண்டு தொடராதீர்கள், இறங்கி உட்காருங்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அவசர உதவி எண் 112. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108.