இருப்பதற்கென்று பெற்ற பொருள்

ஓரிடத்தில் பணிபுரியும் ஒருவருக்கு வேறோரிடத்திலிருந்து மிகுந்த ஊதியத்துடன் அழைப்பு வருகிறது. அவர் விலகல் கடிதம் கொடுக்கிறார். முதலாளி அவரை அழைத்துப் பேசுகிறார். போக வேண்டாம் என்கிறார். ஊதியத்தை உயர்த்தித் தருகிறார். அவரும் இசைந்து கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். இரண்டு மூன்று திங்கள் உயர்த்திய ஊதியத்தைப் பெற்ற பின், மற்றோர் அழைப்பை ஏற்று விலகிச் செல்கிறார். இச்செயலில் குற்றம் உண்டா? உண்டெனில் அது எத்தகைய குற்றம்? களவா, பொய்யா, அல்லது வெறும் நன்றியின்மையா?

இவ்வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. தென்பாண்டிக் கரையை நோக்கினால் இதன் காரணம் விளங்கும். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரைத் தொல்பொருள் ஆய்வாளர் அனைவரும் அறிவர். 1876இல் ஜெர்மானியரான யாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் அங்குள்ள பரம்பில் அகழ்ந்து கண்ட முதுமக்கள் தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் தொழில்திறன் மிக்க ஒரு பழங்குடியின் சான்றுகள். அவ்வூரையொத்த ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்கெல்லாம் அருகிலுள்ள பெருந்தொழில் நகரம் தூத்துக்குடியே. முத்தும் உப்பும் மீனும் பஞ்சாலையும் கொண்டு வாழ்ந்த அந்நகரம் 1974இல் பெருந்துறைமுகம் ஆயிற்று. பின்பு அனல்மின் நிலையங்கள் வந்தன. 2025இல் மின்சாரக் கார் செய்யும் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. புதிய ஆலை ஒன்று வருந்தோறும் பழைய இடங்களில் தேர்ச்சி பெற்றவரை அது அழைக்கும். பழைய இடம் அவரை நிறுத்திவைக்க முயலும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று பணிபுரியும் நம் பிள்ளைகள் முன்னும் இதே வினாவே நிற்கின்றது. எனவே இதனை இல்லறத்தார் அனைவரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

குற்றமில்லை என்பார் கூறும் காரணங்களை முதலில் நேர்மையுடன் கேட்போம். ஊதியம் என்பது செய்த வேலைக்குரியது. அந்த இரண்டு மூன்று திங்களும் அவர் உழைத்தார், உழைப்புக்குரியதைப் பெற்றார், கடன் ஏதும் இல்லை. இத்தனை காலம் இருப்பேன் என்று அவர் எழுதிக் கொடுக்கவுமில்லை. மேலும், முதலாளி இன்று தர முன்வந்த தொகையை நேற்றே தந்திருக்கலாமன்றோ? போகிறேன் என்று சொன்ன பிறகே அவருடைய மதிப்பு கண்ணுக்குத் தெரிந்ததாயின், இதுகாறும் குறைத்துக் கொடுத்தவர் அம்முதலாளியே அன்றோ?

இவை எளிதில் தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. ஆயினும் ஒன்று இவற்றில் விடுபட்டுள்ளது. அந்த உயர்வு முன்னிலும் மிகுதியாக வேலை செய்வதற்காகக் கொடுக்கப்பட்டதன்று. வேலை முன்போலவே இருந்தது. கொடுக்கப்பட்டது இருப்பதற்காக. இருப்பேன் என்று வாயால் சொல்லாவிடினும், விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற்ற கை அதனைச் சொல்லிவிட்டது. அச்சொல்லை நம்பி முதலாளி சில செயல்களைச் செய்தார்: அவ்விடத்துக்கு வேறொருவரைத் தேடுவதை நிறுத்தினார், புதிய பொறுப்புகளை ஏற்றுக்கொண்டார், உடன் பணிபுரிவோர்க்கு உயர்த்தாத ஊதியத்தை இவருக்கு மட்டும் உயர்த்தியதால் எழுந்த மனக்கசப்பையும் தாங்கிக்கொண்டார். அழைப்பு விடுத்த மற்றோரிடத்தாரும் இவர் வரவில்லை என்றறிந்து வேறொருவரை அமர்த்தியிருப்பர். ஒரு சொல்லை நம்பி இத்தனை பேர் தத்தம் வழியை மாற்றிக்கொண்டபின், எழுத்தில் இல்லை என்பது விடையாகாது.

நம் ஆகமங்களில் இதற்கு நெருங்கிய ஒரு நுட்பம் உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி முனிவர் அணுவிரதங்களின் அதிசாரங்களை எண்ணுமிடத்து நியாசாபகாரம் என்ற ஒன்றைக் கூறுகின்றார். ஒருவர் நம்மிடம் அடைக்கலமாக வைத்த பொருளின் அளவை மறந்து குறைத்துக் கேட்கும்போது, உண்மை அறிந்திருந்தும் அவர் கேட்ட அளவே கொடுத்து மீதியை வைத்துக்கொள்ளுதல் அது. பொருளைப் பற்றிய குற்றமாதலின் இதனைக் களவாமை விரதத்தின்கீழ் வைப்பர் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவரோ சத்திய விரதத்தின்கீழ் வைத்தார். சமந்தபத்திர ஆசாரியரும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அவ்வாறே வைத்தார். ஏன்? அங்கே பொருள் கைமாறியதினும் பெரிதாக மறைந்தது நம்பிக்கை. அறிந்ததைச் சொல்லாமல் இருந்த அந்த அமைதியே பொய்யாயிற்று. இருப்பதற்கென்று பெற்ற ஊதிய உயர்வும் ஒருவகையில் அடைக்கலப் பொருளே. அதனைப் பெறும்போது மனத்தில் உள்ளதை மறைத்தவர் ஒரு காசும் திருடவில்லை என்பது மெய். ஆனால் சத்தியத்தில் வழுவினார் என்பதும் மெய்.

ஆயினும் செயல் ஒன்றாயினும் மனம் ஒன்றன்று. மூவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் உயர்வைப் பெறும்போதே, இதனைக் காட்டி அடுத்த இடத்தில் இன்னும் கூடுதலாகக் கேட்கலாம் என்று எண்ணிப் பெற்றவர். இவர் மனத்தில் மாயையும் உலோபமும் சேர்ந்து நிற்கின்றன. இவர் செயல் ஐயமின்றிக் குற்றமே. இரண்டாமவர் மெய்யாகவே இருக்க எண்ணி இசைந்தவர். பின்னர் தாய் நோயுற்றதனாலோ குடும்பம் வேறூர் செல்ல நேர்ந்ததனாலோ போக வேண்டியதாயிற்று. இவரிடம் பொய் இல்லை. ஆனால் கடமை உண்டு. நேரே சென்று காரணம் கூறி, மாற்று ஏற்பாட்டுக்கு உரிய காலம் தந்து, தம்மால் நேரும் இழப்பைக் குறைத்தல் அக்கடமை. மூன்றாமவர், தருவதாகச் சொன்னதை முதலாளி தராமையால், அல்லது தகாத செயலொன்றைச் செய்யுமாறு வற்புறுத்தியமையால் விலகுபவர். ஒப்பந்தத்தை முதலில் முறித்தவர் இவரல்லர். வெளியே நின்று பார்ப்பவர்க்கு மூவரும் ஒன்றுபோலவே தோன்றுவர். ஆகவே பிறரைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் நாம் நிதானிக்க வேண்டும். நம்மைப் பற்றித் தீர்ப்புக் கூறுமிடத்து மட்டும் தயங்கலாகாது.

ஊதிய உயர்வு பெற்ற சில நாள்களிலேயே வேலையை விட்டு வெளியேறியவர்களின் வரலாறு ஒன்று தூத்துக்குடியிலேயே உள்ளது. ஹார்வி நிறுவனத்தார் நடத்திய கோரல் பஞ்சாலையில் 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். மார்ச்சு முதல் வாரத்தில் நிர்வாகம் இணங்கியது. ஊதிய உயர்வும் வேலைநேரக் குறைப்பும் வார விடுமுறையும் கிடைத்தன. தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். மார்ச்சு 12ஆம் நாள் வ. உ. சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். கேட்டதைப் பெற்று ஒரு வாரமளவே ஆகியிருந்த அத்தொழிலாளர் மீண்டும் ஆலையை விட்டு வெளியேறினர். இம்முறை தமக்கென ஒரு காசும் கேட்கவில்லை, தலைவர்களுக்காகவே வெளியேறினர்.

இவர்கள் சொல் தவறினார்களா? பெற்ற உயர்வு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் விடை கிடைக்கும். நெடுநேர உழைப்புக்கு அதுகாறும் குறைத்துக் கொடுக்கப்பட்ட கூலியை நேர்செய்வதற்காகவே அது கொடுக்கப்பட்டது. தம் தலைவர் சிறைப்பட்டாலும் வாய்மூடி இருப்பதற்கான விலையாக அதனை அவர்கள் வாங்கவில்லை. மேலும், அவர்கள் வெளியேறியது எல்லோரும் காணும்படி. அதனால் கூலியை இழந்தவர்களும் அவர்களே. மறைப்பு இல்லை, இலாபம் இல்லை. வேலையை விட்டதே குற்றம் எனில் இவர்களும் குற்றவாளிகள் ஆவர். மறைத்து இலாபம் அடைந்ததே குற்றம் எனில் இவர்கள் நீங்குவர்.

இதற்கு எதிரான நிகழ்ச்சியும் அதே நகரின் வரலாற்றில் உண்டு. 1906இல் வ. உ. சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு அமர்த்திய கப்பலே ஓடியது. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலுக்கு உட்பட்டு, வாடகைக்குத் தந்தவர்கள் அக்கப்பலை இடையில் திரும்பப் பெற்றுக்கொண்டனர். தந்த சொல்லை நம்பிப் பங்கு வாங்கியோரும் பயணம் செய்ய இருந்தோரும் எத்தகைய நிலையில் விடப்பட்டனர் என்பதை அவர்கள் எண்ணவில்லை. 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்களை வ. உ. சி. கொணர்ந்ததனால் அந்த இடர் ஒருவாறு நீங்கியது. தொழிலாளரும் இடையில் விலகினர். கப்பலுடையாரும் இடையில் விலகினர். தொழிலாளர் இழப்பைத் தாம் ஏற்றனர். கப்பலுடையாரோ அதனைப் பிறர் தலையில் வைத்தனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். சொல் தவறுதல் குற்றம் என்று கூறப் புகுந்து, உழைப்பவரைச் சங்கிலியால் பிணிக்கும் வழிக்கு நாம் துணைபோதல் ஆகாது. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டப்படி, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் மூன்று திங்கள் வரை சிறையிடலாம் என்றிருந்தது. கூலி குறைத்த முதலாளிக்கோ அச்சட்டத்தில் சிறை இல்லை. தோட்டங்களிலும் வேலைத்தலங்களிலும் அது எத்தனையோ ஏழைகளை வாட்டியது. 1925இல் இயற்றிய சட்டத்தால்தான் அது நீக்கப்பட்டது. முன்பணத்தின் பெயரால் மனிதரைக் கட்டிவைக்கும் கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மறுபுறம், மூன்றாண்டு பணிபுரிய வேண்டும், இடையில் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று விஜயா வங்கி வைத்திருந்த நிபந்தனை செல்லும் என 2025 மே திங்களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு அரசு நிறுவனங்களுக்கு ஆகும் செலவும் உழைப்பும் அங்கே கருதப்பட்டன. சட்டம் இவ்வாறு இருபக்கமும் எடைபோட்டு நடக்கும். பணத்தால் ஈடுசெய்யலாம், உடலைப் பிணிக்கலாகாது என்பதே அது இதுவரை கண்ட எல்லை. அதற்கு அப்பால் உள்ளது மனச்சான்றின் ஆட்சி.

முதலாளியின் இடத்தில் அமர்ந்திருப்போரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கும் இரண்டு சொற்கள். விலகல் கடிதம் கண்டபின்னரே ஒருவர் மதிப்பை உணர்வது, எல்லோரையும் கடிதம் எழுதத் தூண்டுவதாகும். வாய்மூடி உழைப்பவர்க்குக் குறைவும் மிரட்டுபவர்க்கு நிறைவும் தரும் இடத்தில் உண்மை நெடுநாள் தங்காது. அதுபோன்றே, மாற்று ஆள் கிடைக்கும் வரையில் நிறுத்திவைப்பதற்காக உயர்வு தந்து, ஆள் கிடைத்ததும் நீக்கிவிடும் முதலாளியும் மேற்கூறிய முதலாமவரைப் போன்றவரே. அவரிடத்தும் மாயையே நிற்கின்றது.

இனி, அழைப்பும் உயர்வும் ஒருங்கே வரும் நாளில் செய்யத்தக்கது யாது? அத்தருணத்தில் உடனே தலையசைக்காமல் ஒருநாள் அவகாசம் கேட்கலாம். எத்தனை காலம் நான் இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறீர்கள் என்று வெளிப்படையாகவே வினவலாம். ஓராண்டு என்று அவர் கூறி, நமக்கு அது இயலாது என்று தோன்றினால், அந்த உயர்வைப் பெறாமல் விடுவதே நேர்மை. இப்போது வாங்கிக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பெரியோர் கூறும் அறிவுரைதான் பல பிள்ளைகளுக்கு இதில் இடறுகல்லாகின்றது. பெற்றோர் இதனை உணர வேண்டும். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. தனக்கு உரியதென்று மனம் ஒப்பாத ஒரு தொகையை வேண்டாமெனச் சொல்லும் ஊழியரும் அவ்விரதத்தையே காக்கின்றார். இசைந்து பெற்றபின் போக நேர்ந்தாலோ, முதலில் முதலாளியிடமே சொல்ல வேண்டும். பிறர் வாயிலாக அவர் அறியலாகாது. விதித்த முன்னறிவிப்புக் காலத்தினும் சற்றுக் கூடுதலாக இருந்து, அடுத்து வருபவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இருப்பதற்கெனத் தனியாக ஒரு தொகை பெற்றிருந்தால், சட்டம் கேட்காவிடினும், அதனைத் திருப்பித்தர முன்வருதல் அழகு. அவர் வேண்டாமென்று கூறலாம். முன்வந்தது நம் கணக்கில் சேரும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அந்தக் காலத்தில் குளிப்பவர் கல்லைப் பற்றி ஆழத்துக்கு இறங்க, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கீழிருந்து குறிப்புக் கிடைத்ததும் மேலே இழுப்பது அவர் கடமை. அந்தக் கயிற்றைத் தன் மனைவியின் உடன்பிறந்தான் கையிலேயே கொடுப்பர் என்று அக்கரையில் சொல்லும் வழக்குண்டு. கயிறு பிடிப்பவர் கரையில் இருக்கும்போது அவ்வேலை வேண்டாமென்று சொல்லலாம். கூலி போதாதென்று வேறு தோணிக்கும் போகலாம். அவரைத் தடுப்பது முறையன்று. நீருக்குள் ஒருவர் இறங்கியிருக்கும் அந்த ஒரு நிமிட அளவில் மட்டும் கயிற்றை விடும் உரிமை அவருக்கு இல்லை. வேலையை விடலாமா என்று கேட்கும் நம் பிள்ளை முதலில் தோணியின் விளிம்பில் நின்று கீழே பார்க்கட்டும். நம் சொல்லை நம்பி எவரேனும் ஆழத்தில் உள்ளாரா? உள்ளாராயின் அவரை மேலேற்றிவிட்டுப் பின்னர்ப் போகலாம். எவரும் இல்லையெனில், வணங்கி விடைபெற்றுப் போகலாம். அறம் அதனைத் தடுக்காது.