சேர்த்ததை விற்கும் அறம்

பொருளைச் சேர்ப்பதற்கு ஆர்வம் ஒன்றே போதும். சேர்த்ததை விற்பதற்கோ அறிவும் வேண்டும்; அறமும் வேண்டும். வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தவற்றை ஒருவர் விற்க முற்படும்போது, ‘என்ன விலை கிடைக்கும்?’ என்னும் வினாவோடு, ‘யாரிடம், எதைச் சொல்லி விற்பது?’ என்னும் வினாவும் உடன் எழுகிறது. அமெரிக்க நாட்டு வழக்கம் ஒன்றைக் கொண்டு இதனைச் சற்றே ஆராய்வோம்.

அங்கே பேஸ்பால் ஆட்ட வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளைச் சேர்ப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். முன்னர் சிகரெட்டுப் பெட்டிகளிலும் பின்னர் சூயிங்கம் பொட்டலங்களிலும் வந்தவை அவை. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்டவற்றுள் விற்காமல் தேங்கியவற்றை, 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்நிறுவனத்தைச் சேர்ந்த சை பெர்கர் பின்னாளில் கூறினார். அதே 1952ஆம் ஆண்டு வரிசையில் மிக்கி மேண்டில் என்னும் வீரரின் அட்டை ஒன்று, 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று! இதற்கு நேர்மாறாக, 1980களின் பிற்பகுதியில் மக்கள் இவற்றை நாளைய பொன்னென நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தனர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டுத் தள்ளின. எல்லோரும் பாதுகாத்து வைத்த பொருளை யார் தேடி வருவார்? அவற்றுட் பெரும்பாலானவை இன்று சொற்ப விலைக்கே போகின்றன.

ஆகவே பெருந்தொகுப்பு எதிலும் சில மணிகளும் மலையளவு பதரும் கலந்தே கிடக்கும். அதனை விற்க மூன்று வழிகள் உண்டு. முழுவதையும் ஒரு வணிகரிடம் கொடுத்துவிடலாம். வேலை ஒரே நாளில் முடியும், விலை குறையும். ஒவ்வோர் அட்டையாக விற்கலாம். பணம் கூடும், ஆண்டுகள் கழியும், நல்லவை முதலில் போய்ப் பதர் வீட்டிலேயே தங்கும். உயர்ந்தவற்றை மட்டும் ஏலத்திற்கு அனுப்பலாம். ஏலக்காரரின் கூலி போக மிச்சம் கைக்கு வரும். எவ்வழியை மேற்கொள்வது என்பது அவரவர் வயதையும் தேவையையும் பொறுத்தது. மொத்தமாக வாங்கும் வணிகர் குறைத்துக் கேட்பதைக் கொள்ளை என்பதும் சரியன்று. தரம் பிரிப்பதும், இடங்கொடுத்து வைத்திருப்பதும், விற்காதவற்றைச் சுமப்பதும் அவர் பொறுப்பு.

அறத்தின் சிக்கல் விலையைவிட அறிவிலேயே இருக்கிறது. அட்டையின் தரத்தை 1 முதல் 10 வரை மதிப்பிட்டு, உறையிலிட்டு முத்திரையிடும் நிறுவனங்கள் அங்கே உள்ளன. ஒரு படி உயர்ந்தாலே விலை பன்மடங்காகும் நிலையில் சபலம் தோன்றாதிருக்குமா? ஹோனஸ் வேக்னர் என்னும் வீரரின் புகழ்பெற்ற புகையிலை அட்டை ஒன்று 2007இல் 28 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன் ஓரங்களைத் தாமே முன்னர் நறுக்கிச் செம்மையாக்கியதை ஏல நிறுவன அதிபர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். நறுக்கியது கடுகளவே. ஆயினும் வாங்குவோர் விலை கொடுத்தது, மனிதக் கை பின்னாளில் திருத்தாத பழமைக்கு அல்லவா?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். கணவரை இழந்த ஒரு மூதாட்டி, அவர் விட்டுச் சென்ற பெட்டியைக் கடைக்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு மணி இருப்பதை வணிகர் கண்டுகொள்கிறார். அவர் வாய் திறக்க வேண்டுமா? ‘பல்லாண்டு உழைத்துப் பெற்ற அறிவை இலவசமாக ஏன் தரவேண்டும்?’ என்று கேட்பார் உண்டு. இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. சந்தையைப் பற்றிய அறிவு வணிகரின் முதல். இலாபம் அதற்கான ஊதியம். ஆனால், ‘இது என்ன பெறும் ஐயா? நீங்களே சொல்லுங்கள்’ என்று ஒருவர் நம்பிக் கேட்ட நொடியிலேயே அவ்வறிவு அமானிதமாகிவிடுகிறது. அதன்பின் காக்கும் மௌனம் வாணிபத் திறமை ஆகாது. பெற்ற நம்பிக்கையைத் திருடுவதே ஆகும். பொருளின் குறையோ இன்னும் கண்டிப்பானது. மடிப்பும் கறையும் நறுக்கிய ஓரமும் பொருளோடு சேர்ந்தவை. கேளாமலேயே சொல்லப்பட வேண்டியவை.

சேர்த்தவருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. எது மணி, எது பதர் எனத் தம் கையாலேயே எழுதி வைத்துவிட்டால், வாரிசுகள் பிறர் தயவில் நிற்க நேராது.

விற்காமலே விடைகொடுத்தவரும் உளர். சிராக்யூஸ் நகரில் எளிய தொழிலாளியாக வாழ்ந்த ஜெபர்சன் பர்டிக், 30,000க்கு மேற்பட்ட பேஸ்பால் அட்டைகள் அடங்கிய தம் பெருந்தொகுப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திற்கு அளித்தார். மூட்டு நோயால் முடங்கிய விரல்களோடு அவற்றை ஏடுகளில் தாமே ஒட்டினார்; 1963 சனவரியில் பணி முடித்து, அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார். இத்தகைய கொடை எல்லோருக்கும் இயல்வதன்று. மருந்துச் செலவுக்கும் மகளின் படிப்புக்கும் விற்பவரை யார் குறை கூறுவார்?

விற்பவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: தம்மைவிட அறிந்த பெருவணிகர் தம்மிடம் எவ்வளவு உண்மை பேச வேண்டுமென எதிர்பார்க்கிறாரோ, அவ்வளவு உண்மையைத் தம்மைவிட அறியாமல் காசை எண்ணிக்கொண்டு வரும் சிறுவனிடம் தாமும் பேசுகிறாரா என்பதே அது.