கை படாத நாகரிகம்

சென்ற மாதம் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கல்லூரியில் பொருளாதாரம் போதித்து ஓய்வு பெற்றவர். கொல்லையில் அன்றுதான் ஒரு பூவன் தார் பழுத்திருந்தது. இரண்டு பழம் தின்றுவிட்டு, மூன்றாவதை உரித்துக்கொண்டே, “என்ன உரம் ஸார் போடுகிறீர்கள்? கடைப் பழத்தில் இந்த ருசி இல்லையே!” என்றார்.

உண்மையைச் சொன்னேன். பாதி உரித்த பழம் தட்டுக்குத் திரும்பியது. “நல்ல காரியம்தான், அவசியமான காரியம்” என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனார். திரும்பி வந்து, “எல்லாம் நீங்களே செய்துகொள்கிறீர்களா?” என்று கேட்டார்.

“ஆமாம், நானேதான்” என்றேன். உள்ளே என் மனைவி இருமினாள். அந்த இருமலுக்கு விளக்கம்தான் இந்தக் கட்டுரை.

வாசகர்கள் முகம் சுளிக்காமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கொல்லைக் கழிப்பறைக்கு அடியில் இரண்டு அறைகள் உண்டு. நீர் ஒரு வழியாகவும் மலம் வேறு வழியாகவும் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு பிடி சாம்பல் தூவ வேண்டும். கழுவும் தண்ணீர்கூட அறைக்குள் விழாமல் தனியே செடிப் பாத்திக்குப் போய்விடும். ஓர் அறை நிரம்பினால் அதை மூடிவிட்டு மற்றதைத் திறப்போம். மூடிய அறையில் இருப்பது ஓராண்டில் உலர்ந்து மக்கி எருவாகிவிடும். உருளைப் புழுவின் முட்டைகள் லேசில் சாகா; ஆகவே அவசரப்படக் கூடாது. அந்த எருவை வாழைக்கும் தென்னைக்கும் போடுவோமே தவிர, கீரைப் பாத்திக்குப் போடுவதில்லை.

இது என் மூளையில் உதித்த யோசனை அல்ல. எங்கள் திருச்சிப் பக்கத்து முசிறியில் ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனம் இத்தகைய கழிப்பறைகளைக் கட்டியது. 2008-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு பொதுக் கழிப்பறையில், வந்து போகிறவர்களிடம் காசு வாங்குவதற்குப் பதிலாக, தடவைக்குப் பத்துப் பைசா கொடுத்தார்கள்! கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு மனிதனிடமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 500 லிட்டர் சிறுநீரும் 50 லிட்டர் மலமும் வெளியேறுகின்றன. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும் பகுதி அந்தச் சிறுநீரிலேயே இருக்கிறது. இதை நாம் நல்ல தண்ணீரை ஊற்றி விரட்டுகிறோம். அது தொட்டிக்குப் போகிறது, தொட்டியிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து பல ஊர்களில் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும். அப்புறம் உரத்துக்கான பாறையைக் கடல் கடந்து கப்பலில் வரவழைக்கிறோம். சீனத்திலும் கொரியாவிலும் ஜப்பானிலும் குடியானவர்கள் பல நூற்றாண்டுகளாக இந்தச் சத்தை வயலுக்கே திருப்பிக் கொடுத்து வந்ததை, கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி நேரில் பார்த்து எழுதிய புத்தகம் 1911-லேயே வெளிவந்துவிட்டது.

ஆக, கணக்கு சரி. ஆனால் கணக்கு சரியாக இருந்தால் காரியமும் சரியாகிவிடுமா? இங்கேதான் என் சங்கடம் ஆரம்பமாகிறது.

முதல் அறை மூடி ஓராண்டு முடிந்தது. திறந்து அள்ள வேண்டும். அன்று காலை நான் என்ன செய்தேன் தெரியுமா? தொட்டி சுத்தம் செய்கிற ஆள் ஒருவருக்குச் சொல்லியனுப்பினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகவே அதைச் செய்தது. சிக்கனம், சுயதேவைப் பூர்த்தி, பூமியின் நலம் என்று நண்பர்களிடம் ஓராண்டாகப் பேசியவன், அள்ளுவதற்கு மட்டும் வேறொருவர் பிறந்திருக்கிறார் என்று நம்பியிருக்கிறேன். அந்த நம்பிக்கை எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது.

அவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பலகையை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு பிடி எடுத்துக் கையில் நொறுக்கினார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஐயா, இது மண்ணாப் போச்சுங்க. இதை அள்ள நான் எதுக்கு? நீங்களே அள்ளலாமே.”

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. “இல்லை, உங்களுக்குப் பழக்கம்...” என்று ஆரம்பித்தேன்.

“எங்க அப்பாரு தலையில சுமந்தாரே, அதுக்குத்தாங்க பழக்கம் வேணும். மண்ணு அள்ளப் பழக்கம் எதுக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அசுத்தம் ஓராண்டில் மண்ணாகிவிட்டது. என் மனம் மட்டும் மக்காமல் அப்படியே இருந்தது.

இந்த வேறுபாட்டைச் சட்டமே காண்கிறது. உலர் கழிப்பிடங்களில் மனிதரைக்கொண்டு மலம் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் விரிவானது. மலம் முழுதும் மக்குவதற்கு முன் கையால் அள்ள வைப்பதைத்தான் அது குற்றமென்கிறது. ஆயினும் சாக்கடைக் குழிகளிலும் தொட்டிகளிலும் இறங்கி மூச்சுத் திணறிச் சாகிறவர்களின் செய்தி நின்றபாடில்லை. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் முப்பது லட்சம் என்றது. நஷ்டஈடு மும்மடங்காகிவிட்டது. குழிக்குள் இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

நண்பர் ஓர் ஆக்ஷேபம் சொன்னார்: “தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தின் மேல் சுமத்திய வேலையைப் புண்ணிய காரியம் என்று நீங்கள் கொண்டாடலாமா?” நியாயமான கேள்வி. செயல் ஒன்றுதான், விருப்பமில்லாதபோது விட்டுவிடும் உரிமை இருந்தால் அது கடமை, இல்லாவிட்டால் அது அடிமைத்தனம். ஆகவே இந்த உபதேசத்தை அள்ளிச் சலித்தவர்களிடம் போய்ச் செய்யக் கூடாது. இதுவரை அள்ளாதவர்கள் தங்களுக்கே செய்துகொள்ள வேண்டும். மாடிக் குடியிருப்பில் வசிப்பவர் அறை கட்ட முடியாது, வாஸ்தவம். ஆனால் தம் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது, அங்கே யார் இறங்குகிறார் என்று கேட்கலாம் அல்லவா?

தானே செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1898-ல் டர்பன் நகரில், வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் மூத்திரப் பானையைக் கஸ்தூரிபா கண்ணீரோடு தூக்கி வந்தார். அதைச் சிரித்த முகத்தோடு தூக்க வேண்டும் என்று காந்தி அதட்டினார். பேச்சு முற்றி, அவரைக் கையைப் பிடித்து வாசற்கதவு வரை இழுத்துப் போனார். தம் சத்திய சோதனையில் வெட்கத்தோடு அவரே எழுதியிருக்கிறார். தம் வரையில் அவர் செய்தது உயர்ந்த காரியம். அதே காரியம் இன்னொருவர் மேல் ஏறி உட்கார்ந்தபோது கொடுமையாகிவிட்டது.

இப்போது அந்த இருமலுக்கு வருகிறேன். அன்று எருவை நான்தான் அள்ளினேன். இரண்டு மணி நேரமாயிற்று. நான்கு நாள் இடுப்பு வலித்தது. வந்தவர் முழுக் கூலியை வாங்கிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து என் மண்வெட்டி பிடிக்கும் அழகைத் திருத்திக்கொண்டிருந்தார். மனைவி இருவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில்தான் நண்பரிடம் “நானேதான்” என்று சொன்னேன்.

நண்பர் போன பிறகு அவளிடம் கேட்டேன்: “எதற்கு இருமினாய்?”

“மூணு வருஷமா அரிசி ஆலையிலேருந்து சாம்பல் யார் கொண்டு வர்றா? யார் சலிக்கிறா? அந்தத் தகர டின் என்னைக்காவது காலியா இருந்து பார்த்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. எப்போதும் நிறைந்தே இருக்கும். யார் நிரப்புகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை சாக்கை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டேன். “சல்லடை பரண்மேல இருக்கு” என்றாள், தலை நிமிராமலே.