நோய்க்குத் தன்னியல்பு உண்டா?

ஒரு பொருளுக்கு அதனுள்ளேயே நிலைத்த தன்னியல்பு உண்டா, அல்லது சார்புகள் கூடும்போது தோன்றி அவை நீங்கும்போது மறைவதைத்தான் பொருள் என்கிறோமா? மணிமேகலையின் கடைசிக் காதை பன்னிரு சார்புகளை விரித்து இரண்டாவது கட்சியில் நிற்கிறது. அக்கட்சிக்கு வலுவான சாட்சி தாடையெலும்பில் வளரும் ராட்சத செல் கட்டி. அது புற்றுநோய் அன்று. ஆனாலும் எலும்பை அரிக்கும், பற்களை நகர்த்தும். நுண்ணோக்கியில் முதலில் கண்ணில் படுபவை பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள். கட்டிக்குப் பெயர் தந்தவையும் அவைதாம். ஆனால் பெருகுபவை அவை அல்ல, சுற்றியிருக்கும் கதிர்வடிவச் செல்களே. இவை ராங்க்எல் என்ற புரதத்தின் வழியே, ரத்தத்தில் வந்துசேரும் மோனோசைட் வகைச் செல்களைத் தூண்டி ஒன்றோடொன்று இணைய வைக்கின்றன; ராட்சத செல் பிறப்பது அப்படித்தான். நுண்ணிய ரத்த நாளங்களையும் கசிந்த ரத்தத்தையும் ஒட்டியே அது பெரும்பாலும் திரள்கிறது. கட்டியின் அடையாளம் என்று நாம் கொண்டதே வெளியிலிருந்து வந்து, பிற செல்களின் தூண்டுதலால் ஆனது.

இதைவிட அழுத்தமான சான்று, பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பவர்களுக்கு வரும் பழுப்புக் கட்டி. திசுவை மட்டும் பார்த்தால் தேர்ந்த நோயியல் மருத்துவராலும் இரண்டையும் பிரிக்க முடியாது. ரத்தத்தில் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் அளந்தாக வேண்டும். காரணம் கழுத்தில் இருக்கிறது. அங்கே சுரப்பியைச் சரிசெய்தால், தாடையைத் தொடாமலேயே கட்டி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. கண்ணால் கண்டு அறியும் காட்சி அளவை கைவிட்ட இடத்தில், அடையாளங்களிலிருந்து ஊகித்து அறியும் கருதல் அளவைதான் துணை நிற்கிறது.

குறை கண்ணுடையது, பொருளுடையது அன்று; இன்னும் ஆழமாகப் பார்த்தால் மரபணுவில் தன்னியல்பு கிடைக்கும் என்று மறுக்கலாம். இது எளிதில் தள்ளக்கூடிய மறுப்பு அன்று. தாடையின் ராட்சத செல் கட்டிகளில் டிஆர்பிவி4, கேராஸ் போன்ற மரபணுக்களின் பிறழ்வுகள் 2018-இல் வெளிவந்த ஆய்வில் காட்டப்பட்டன. ஆனால் 1933-இல் வில்லியம் ஜோன்ஸ் விவரித்த செரூபிசத்தைப் பாருங்கள். குழந்தைகளின் இரு தாடைகளையும் வீங்கச் செய்யும் இந்நோய்க்குக் காரணமான எஸ்ஹெச்3பிபி2 மரபணுப் பிறழ்வு 2001-இல் கண்டறியப்பட்டது. பெற்றோரிடமிருந்து அது வரும்போது உடலின் எல்லாச் செல்களிலும் பிறப்பிலிருந்தே இருக்கிறது. கட்டியோ பெரும்பாலும் தாடையில் மட்டுமே, சில வயது கழிந்தபின் தோன்றி, பருவமடைந்த பிறகு தானே சுருங்குகிறது. பிறழ்வு அப்போதும் அப்படியேதான் இருக்கிறது. அதுவே தன்னியல்பு என்றால் நோய் தணிவதற்கு விளக்கமே இல்லை. பிறழ்வும் சார்புகளுள் ஒன்று. முதன்மையானது என்பதை மறுக்கவில்லை, தனித்து நிற்பது என்பதைத்தான் மறுக்கிறேன்.

எல்லாம் சார்பென்றால் மருத்துவர் எதைப் பற்றிக்கொள்வார் என்ற கேள்வி எஞ்சுகிறது. சார்புகளையே பற்றிக்கொள்கிறார். இன்டர்ஃபெரான் என்ற மருந்து, புதிய ரத்த நாளங்கள் முளைப்பதைத் தடுக்கும் என்ற எண்ணத்தில் தரப்பட்டது. டெனோசுமாப் என்ற மருந்து ராங்க்எல் புரதத்தைத் தடுக்கிறது. டெனோசுமாப் மருந்தை நிறுத்தியபின் சிலருக்குக் கட்டி திரும்பியதுண்டு. இதைத் தன்னியல்பு ஒளிந்திருந்து மீண்டதாகக் கொள்ள வேண்டியதில்லை: பெருகும் கதிர்வடிவச் செல்கள் அங்கேயே இருந்தன, தடுக்கப்பட்ட தூண்டுதல் மறுபடி கிடைத்தது.