திரும்ப அழைத்தல்

2024 ஜூன் 6ம் தேதி, கல்கத்தா ஸால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிராக நடந்த ஆட்டத்தோடு சுனில் சேத்ரி இந்தியக் கால்பந்து அணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஒன்பது மாதங்கள் கழித்து, 2025 மார்ச் 19ம் தேதி, ஷில்லாங்கில் மாலத்தீவுகளுக்கு எதிராக அவர் மறுபடியும் இந்தியச் சட்டையில் இறங்கினார். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்கள் நெருங்கியிருந்தன. பயிற்சியாளர் மனோலோ மார்க்வெஸ் அழைத்தார், அவர் வந்தார். அப்போது அவருக்கு வயது 40. அன்று ஒரு கோலும் போட்டார். தேசத்துக்காக அவர் போட்ட 95வது கோல் அது. 2023 நவம்பருக்குப் பிறகு இந்தியா பெற்ற முதல் வெற்றியும் அதுதான்.

விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துபோக வேண்டிய விஷயம்தான். ஆனால் கள்ளிக்குப்பத்தில் கால்பந்து ஆடும் பையன்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டதைக் கேட்டபோது, இதில் அடங்கியிருப்பது ஒரு தார்மீகப் பிரச்னை என்று எனக்குப் பட்டது. இரண்டு கட்சிகள். கௌரவமாகப் போனவர் திரும்பி வந்து அதைக் கெடுத்துக்கொண்டார் என்பது ஒன்று. கோல் போடத் தெரிந்தவரைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவது என்பது இன்னொன்று. நாடு முழுவதும் பேசப்பட்டவையும் ஏறக்குறைய இந்த இரண்டும்தான். இரண்டுமே பாதி தூரத்தில் நின்றுவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

முதல் கட்சியை எடுத்துக்கொள்வோம். அது மனிதனின் கௌரவத்தைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினாலும், அடிப்படையில் ஒரு ரசனைப் பிரச்னையைத்தான் பேசுகிறது. ஒருவருடைய வாழ்க்கை நல்ல சிறுகதை மாதிரி சரியான இடத்தில் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கண்ணீர், கைதட்டல், கடைசி முறையாக மைதானத்தைச் சுற்றி வருதல் எல்லாம் நடந்தாகிவிட்டது, நாமும் அழுதாகிவிட்டது. அதற்குப் பிறகும் அந்த மனிதர் ஆட வருகிறார் என்றால் நம் அழுகைக்கு என்ன மரியாதை? இந்தக் கோபத்தில் ஆட்டக்காரரைப் பற்றிய அக்கறை கொஞ்சம்தான். வாழ்கிறவனுக்குத் தன் வாழ்க்கை கதையாகத் தெரிவதில்லை. காலையில் எழுந்தால் கால் இன்னும் ஓடுகிறதா என்பதுதான் அவன் பிரச்னை.

காமரூன் நாட்டின் ரோஜர் மில்லாவை நினைத்துப் பார்க்கலாம். தேசிய அணியை விட்டு விலகி, இந்துமகா சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் தீவில் ஆடிக்கொண்டிருந்தவரை, ஜனாதிபதி பால் பியா தலையிட்டு 1990 உலகக் கோப்பைக்கு வரவழைத்தார். மில்லாவுக்கு வயது 38. மாற்று ஆட்டக்காரராகவே இறங்கி ருமேனியாவுக்கு எதிராக இரண்டு, கொலம்பியாவுக்கு எதிராக இரண்டு என்று நான்கு கோல்கள் போட்டார். உலகக் கோப்பையில் கால் இறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணி காமரூன். கதை அங்கேயே முடிந்திருந்தால் நமக்குத் திருப்தியாக இருந்திருக்கும். 1994ல் மறுபடியும் அழைத்தார்கள். 42 வயதில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அந்த ஆட்டத்தில் ரஷ்யா போட்டது ஆறு. 1990 சரி, 1994 தவறு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது முடிவைப் பார்த்துவிட்டு நியாயம் சொல்வது. அழைத்த கணத்தில் இரண்டு அழைப்புகளும் ஒரே மாதிரியானவை. வென்றால் நியாயம், தோற்றால் அநியாயம் என்றால் அது தார்மீகம் அல்ல, சூதாட்டக் கணக்கு.

இந்திய அணியின் விஷயத்திலும் முடிவு நமக்கு உதவாது. ஷில்லாங்கில் பங்களாதேஷோடு கோல் இல்லாத ஆட்டம். ஜூனில் ஹாங்காங்கிடம் 1-0 தோல்வி. அக்டோபரில் சிங்கப்பூரில் 1-1. மட்காவில் அதே சிங்கப்பூரிடம் 2-1 தோல்வி. இந்தியா தகுதி பெறவில்லை. இதற்குள் மார்க்வெஸ் போய் காலித் ஜமீல் பயிற்சியாளராக வந்திருந்தார். தகுதி பெறாததால் சேத்ரியை அழைத்தது தவறு என்று ஆகிவிடாது. தகுதி பெற்றிருந்தால் சரி என்று ஆகியிருக்காது.

இரண்டாவது கட்சி அதிக பலமுள்ளது. 2024-25 இந்தியன் சூப்பர் லீக்கில் பெங்களூருக்காக சேத்ரி 14 கோல்கள் போட்டார். இந்திய ஆட்டக்காரர்களில் அவரைவிட அதிகம் போட்டவர் கிடையாது. இது பழைய புகழுக்குத் தரப்பட்ட பிச்சை இல்லை. நன்றிக்கடனும் இல்லை. அன்றைய தேதிக்கு இருந்தவர்களில் அவரே சிறந்தவர். சிறந்தவனை எடு என்பது எந்த அணிக்கும் முதல் விதி. வயதைக் காரணம் காட்டி அவரை ஒதுக்கியிருந்தால் அதுவும் ஒரு அநியாயமே. மார்ச் மாதத்தில் ஒரு ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டிய பயிற்சியாளர் செய்ததில் நான் குற்றம் காணவில்லை.

ஆனால் தகுதி என்பது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இந்தக் கட்சி கேட்பதே இல்லை. தகுதியை ஏதோ ரத்தத்தில் ஊறிய குணம் மாதிரி எடுத்துக்கொள்கிறது. சூப்பர் லீக் 2014ல் ஆரம்பித்தபோது களத்தில் இருக்கும் பதினொரு பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டுக்காரர்களாக இருக்கலாம். 2017ல் அது ஐந்தாயிற்று; 2021ல் நான்காயிற்று. இந்த நான்கு ஐந்து இடங்களை ஒரு கிளப் எங்கே செலவழிக்கும்? கோல் போட வேண்டிய இடத்தில்தான் முதலில் செலவழிக்கும். பெரும்பாலான கிளப்புகள் அப்படித்தான் செய்தன. முன்வரிசையின் மைய இடம் வெளிநாட்டுக்காரருக்கு. இந்தியப் பையனுக்கு ஓரம், அல்லது பெஞ்ச். சேத்ரியே தம் கிளப்பில் வெனிசுவேலாக்காரர் மிக்குவுக்கு மைய இடத்தை விட்டு இடது ஓரத்தில் ஆடிய பருவங்கள் உண்டு. அவருக்கே அந்த ஸ்திதி என்றால் இருபது வயதுப் பையனின் ஸ்திதி என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம். பத்து வருஷங்கள் இப்படி நடத்திவிட்டு, ஒரு நாள் சுற்றிலும் பார்த்து, கோல் போட நாற்பது வயதுக்காரரைத் தவிர யாரும் இல்லையே என்று அங்கலாய்க்கிறோம். இல்லை என்பது உண்மை. இல்லாமல் செய்தோம் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

இது கால்பந்துக்கு மட்டும் உரிய விவகாரம் இல்லை. அம்பத்தூர்ப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டர்னர் இருக்கிறார். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் 58 வயதில் ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள், தினக்கூலிக்கு. அவர் பிடித்த அளவுக்கு வேறு யாராலும் பழைய லேத்தில் அளவு பிடிக்க முடியவில்லையாம். கூடவே இருக்கும் பையனைப் பற்றி முதலாளிக்கு மனக்குறை. நான் அதைக் கேட்டபோது அவர் சொன்னார்: “அவனுக்குக் கை வரலைன்னு சொல்றாங்க சார். மெஷினைத் தொட விட்டாத்தானே கை வரும்? அவனைக் கூட்டறதுக்கும் டீ வாங்கறதுக்கும் அனுப்பிட்டு, வேலைக்கு என்னைக் கூப்புடறாங்க.” அவர் வேலைக்குப் போவதில் தவறு இல்லை, அவருக்கும் அந்தக் கூலி வேண்டியிருக்கிறது. அவர் கையின் அருமையைப் பட்டறை உணர்ந்திருக்கிறது என்பதும் நிஜம். ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் வருவது, அந்தப் பையன் மெஷினைத் தொடாத இன்னொரு நாளாக ஆகிறது. பெரியவர் அநியாயத்தின் கருவியாகிவிடுகிறார், தாம் ஒரு தப்பும் செய்யாமலே.

அப்படியானால் மூத்தவர்களை அழைக்கவே கூடாதா? அதற்கு எதிரான உதாரணம் நம் கையருகிலேயே இருக்கிறது. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையை ஆரம்பித்தபோது ந. பிச்சமூர்த்திக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மணிக்கொடி காலத்து மனிதர். கவிதை எழுதுவதை விட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அவருடைய பழைய கவிதையான ‘பெட்டிக்கடை நாரண’னைச் செல்லப்பா மறுபடி பிரசுரித்தார். பிச்சமூர்த்தி திரும்பவும் எழுத வந்தார். அதே பக்கங்களில் சி. மணியும் வைதீஸ்வரனும் பசுவய்யாவும் எழுதினார்கள். 1962ல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தபோது மூத்தவரும் இளையவர்களும் ஒரே அட்டைக்குள் இருந்தார்கள். அங்கே மூத்தவரின் வருகை, இப்படியும் எழுதலாம் என்ற தைரியத்தை இளைஞர்களுக்குத் தந்தது.

கவிதையில் பதினொரு பேர் என்ற கணக்கு இல்லை, அதனால் இந்த ஒப்பீடு செல்லாது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் சிறு பத்திரிகை நடத்துகிறவருக்குத் தெரியும், அதன் பக்கங்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவையே. காகிதத்துக்குக் கொடுக்கப் பணமில்லாத இடத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுத்ததுதான். செல்லப்பா மூத்தவரை அழைத்ததோடு நிற்கவில்லை. பெயர் தெரியாத இளைஞர்களுக்கும் பக்கங்களைக் கொடுத்தார். அழைப்பின் நியாயம் அழைக்கப்பட்டவரின் வயதிலோ திறமையிலோ மட்டும் இல்லை. அழைப்பவர் கூடவே வேறு என்ன செய்கிறார் என்பதிலும் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து 2025ஐப் பார்த்தால் என்ன தெரிகிறது? மார்ச்சில் சேத்ரியை அழைத்தார்கள். ஜூலையில், ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்தும் கம்பெனிக்கும் இடையேயான ஒப்பந்தம் தீராததால் அடுத்த பருவத்து சூப்பர் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. மூத்தவரை அழைத்துக்கொண்ட அமைப்பு, இளையவர்கள் ஆடுவதற்கு ஆட்டங்களைக்கூட உத்தரவாதம் செய்ய முடியாத நிலையில் இருந்தது. பட்டறை முதலாளியாவது பையனைக் கூட்ட விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழைக்கப்படுகிறவருக்கு மறுக்கும் சுதந்திரம் உண்டு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் உண்டு. நீ இல்லாமல் ஆகாது என்று ஒருவரிடம் சொன்ன பிறகு அந்தச் சுதந்திரத்தில் எவ்வளவு மிஞ்சும்? இருபது வருஷங்களாகத் தேவைப்பட்டே பழகிய மனிதரிடம் அந்த வார்த்தையைச் சொல்வது ஏறக்குறைய ஒரு நிர்ப்பந்தம். அதனால் வந்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்பது நியாயமில்லை. விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் அழைத்தவர்கள்.

அழைக்கலாம். தகுதி இருக்கிற வரை அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அழைக்கும்போதே, இது எங்கள் பலத்தினால் அல்ல, நாங்கள் செய்யத் தவறியதனால் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தவறியதை எந்தத் தேதியிலிருந்து செய்யப்போகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அது இல்லாத அழைப்பில் ஆட்டக்காரருக்கு எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு நாம் பட்ட கடன் அப்படியே நிற்கிறது.