சொல்லை அறிதல்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்புவோருக்கென அச்சிடப்படும் சொற்பட்டியல்களில் 'பரையா' என்ற சொல்லை அடிக்கடி காணலாம். சமூகம் விலக்கி வைத்தவர், எல்லாரும் ஒதுக்கிய நாடு என்று அதற்குப் பொருள் எழுதியிருக்கும். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உயர்தர வகுப்பில் படிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அதை அந்நியச் சொல்லாக எண்ணி மனனம் செய்கிறது. அது தமிழ்ச்சொல். பறையோடு சேர்ந்த ஒரு மக்களின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இந்த மலைகளுக்கு நடந்து வந்தவர்களில் அந்தப் பெயரால் ஒடுக்கப்பட்டவர்களும் பலர் இருந்தார்கள். பட்டியலில் உள்ள பொருளை ஒப்பித்தால் தேர்வில் புள்ளி கிடைக்கும். ஆனால் பிள்ளை அந்தச் சொல்லை அறிந்துகொண்டதா? அறிவு எது, அறம் எது என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது. ஒரு சொல் யாரைச் சுட்டுகிறது, சுட்டப்பட்டவருக்கு என்ன செய்கிறது என்பது விளங்கும்போதுதான் அது நமக்குத் தெரிந்த சொல்லாகிறது.

தமிழ் மரபு பிறமொழிச் சொல்லைக் கண்டு அஞ்சியதில்லை. தொல்காப்பியர் சொற்களை வகுத்தபோதே திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் கொடுத்தார். ஆனால் சொல்லையும் பொருளையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதைச் சைவம் அம்மையப்பரின் இணைவுக்கே உவமையாக்கியது. பொருளை விட்டுச் சொல்லை மட்டும் சேர்த்தால் என்னவாகும் என்பதற்கு மலையகத்திலேயே சான்று உண்டு. தோட்டங்களுக்குப் புதிதாக வரும் உதவி அதிகாரிகளான சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென ஆங்கிலேயர் கையேடுகள் எழுதினார்கள். ஃபெர்குசன் எழுதிய கையேட்டின் பெயரே 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் எழுதிய நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. ஒரு மொழியைக் கற்கும் வாசலில் முதலில் நிற்பது ஏவல். அடுத்து நிற்பது மனிதரை அவர் வாங்கும் ஊதியத்தின் பெயரால் அழைக்கும் வழக்கம். அப்படிக் கற்ற துரைக்கு நூற்றுக்கணக்கான தமிழ்ச் சொற்கள் தெரிந்திருக்கலாம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் வாழ்ந்தவர்களை அவர் அறிந்தார் என்று அதனால் சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை கூடக் கூட அதிகாரத்தின் குரல் தெளிவாக ஒலித்தது, அறிவு வளரவில்லை.

மறுபுறத்தில், அறியாத ஆங்கிலச் சொற்களாலும் ஆங்கில ஆவணங்களில் ஏறிய தம் சொந்தச் சொல்லாலும் இந்த மக்கள் பட்ட பாடு பெரியது. கடனோடு தொழிலாளரைக் கட்டிப்போட்ட சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தமிழ்ச்சொல்லை அரசாங்க அறிக்கைகள் அப்படியே ஆங்கிலத்தில் எடுத்தாண்டன. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் வந்தபோது ஒரு குடும்பத்தின் தலைவிதி சில ஆங்கிலச் சொற்களின் பொருளில் தொங்கியது. 'இடையறாத வசிப்பு' என்றால் எது? இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்த் திரும்பினால் வசிப்பு அறுபடுமா? 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சமூகத்துக்குப் பாதகமானதா என்ற கோடாக்கன் பிள்ளை வழக்கு இலண்டனின் மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில்வரை போனது. பாதகமில்லை என்று 1953இல் தீர்ப்பு வந்தது. கொழுந்து கிள்ளியவர்கள் தங்களைப் பற்றிய சொல் எங்கே எடைபோடப்படுகிறது என்பதைக்கூட அறியாதிருந்தார்கள்.

அதே ஆங்கிலத்தை அறிந்து கையாண்டவர்களும் இருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தமிழில் 'தேசநேசன்', ஆங்கிலத்தில் 'சிட்டிசன்' என்று இரு மொழியிலும் பத்திரிகை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். குடிமக்கள் என்று எவரும் எண்ணாதவர்களுக்காகப் பேசிய ஏட்டுக்குக் 'குடிமகன்' என்று பொருள்படும் பெயரை வைத்ததிலேயே அவருடைய சொல்லறிவு தெரிகிறது. பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற கவிதையில் தோட்டத்து மக்களின் உழைப்பை ஆங்கிலத்தில் பாடினார். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். லயத்துப் பாடல்களைத் தமிழில் தொகுத்தவரும் அவரே. ஆங்கிலச் சொல் அவரிடம் தம் மக்களை அறிவதற்கான இன்னொரு கண்ணாக இருந்தது.

ஆங்கிலச் சொல்லைப் பொருளோடு அறிய வேண்டும் என்பதற்கு மறுப்புகள் உண்டு. அடிமைப்படுத்தியவரின் மொழி கறைபட்டது, அதை ஏன் நாட வேண்டும் என்பார் சிலர். கறை சொல்லில் படிந்திருப்பது உண்மை. ஆனால் கறையைக் காணவும் அந்தச் சொல்லைத்தான் கையிலெடுக்க வேண்டும். அறியாத சொல் நம்மீது ஏவப்படுவதை அறியாமையால் தடுக்க முடியாது. தாய்மொழி தேயும் என்பார் வேறு சிலர். பொருளறியாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு இரு மொழியுமே தேயும். பொருளைத் தேடும் பிள்ளையோ ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் தன் தமிழுக்குள் திரும்பிப் போயாக வேண்டும். வேலை கிடைத்தால் போதாதா, இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்ற மறுப்பே வலுவானது. வறுமையில் கேட்கப்படும் அந்தக் கேள்வியை அவமதிக்கக் கூடாது. பிள்ளை வேலைக்காகவே படிக்கட்டும். ஆனால் அந்த வேலையில் அது எழுதப்போகும் கடிதமும் நிரப்பப்போகும் படிவமும் இன்னொருவரைச் சுட்டும் சொற்களால் ஆனவை. அவற்றின் விளைவை அறியாமல் எழுதுவது துரையின் கையேட்டை மீண்டும் திறப்பதாகும்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். ஒருவருடைய பெயரும் அன்றைய உழைப்பின் விலையும் ஒரே சொல்லாகி, அந்தப் பெயர் பாதியாக வெட்டப்படும் இடத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லின் எடையைப் பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த அறிவை வகுப்பறைக்குள் வர விடுவதே நம் கடமை. ஆசிரியர்களே, சொற்பட்டியலில் 'பரையா' வரும்போது பொருளை மட்டும் எழுதிப்போட்டு அடுத்த சொல்லுக்குப் போகாதீர்கள். அது எங்கிருந்து போன சொல், யாருடைய பெயர், இழிவு அதன்மேல் எப்படி ஏறியது என்று சொல்லிக்கொடுங்கள். அன்று ஒரே ஒரு சொல்தான் படிக்க முடிந்தது என்றாலும் அந்தப் பாடம் நிறைவான பாடம்.